அம்மா கையில் அவள் ஒட்டிய பிளாஸ்திரி

ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்குப் போய்விட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்த நான், தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. அதற்குள் அம்மாவின் வலது கை கண்ணில் பட்டுவிட்டது. கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரி. மூலைகளை வட்டமாக வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல், இஸ்திரி போட்டது மாதிரி ஒட்டியிருந்தது. அம்மாவே ஒட்டிக்கொண்டிருந்தால் இப்படி வந்திருக்காது. அம்மா எதை ஒட்டினாலும் அதற்குள் ஒரு தலைமுடியாவது மாட்டிக்கொள்ளும்.

"யாரும்மா ஒட்டுனது?"

"உன் ஃப்ரெண்டுதான். மத்தியானம் வந்துச்சு. அவங்க அண்ணன் துபாய்லேர்ந்து அனுப்புனாராம். எனக்குன்னு எடுத்துக்கிட்டு மங்கலம்பேட்டைலேர்ந்து வந்திருக்குது பாவம், இந்த வெயில்ல."

"வலி எப்படி இருக்குது?"

கேட்டிருக்கக் கூடாது. அம்மா கட்டைவிரலை மடக்கி, நீட்டி, மறுபடியும் மடக்கிக் காட்டினாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "பஞ்சு மாதிரி இருக்குதுடி. உன் களிம்பு இத்தனை நாளா பண்ணாதத இது ஒரு மத்தியானத்துல பண்ணிடுச்சு."

களிம்பு என்று சொல்லாதே, ஜெல் என்று சொல் என எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொல்லவும் தோன்றவில்லை. உள்ளே போய் முகம் கழுவினேன். மூக்குத்தி கழன்று தொட்டியில் விழும் அளவுக்குக் கழுவினேன்.

இதில் எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்றால், தோல் வழியாக வலி மருந்து போவதைத்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். எம்.ஃபார்ம் கடைசி வருடம். ஆராய்ச்சிக்குத் தலைப்பு கொடுத்த நாளில் நானும், என்னோடு படிக்கும் அந்த ஃப்ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். பிளாஸ்திரி தலைப்பு எனக்கு வேண்டும் என்று முதலில் கேட்டது நான். எங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நீ வேகமான பொண்ணு, உனக்கு ஜெல்லு சரியா வரும். பிளாஸ்திரிக்குப் பொறுமை வேணும்" என்று சொல்லி அதை அவளுக்குக் கொடுத்துவிட்டார். வேகம் என்பது பாராட்டா, திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் என் காதில், "வேணும்னா மாத்திக்கலாம்டி" என்றாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. சண்டைக்கு இடமே கொடுக்க மாட்டாள்.

அம்மாவுக்கு வேலை, செராமிக் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கிளேஸ், அதாவது பளபளப்புப் பூச்சு, போடுவது. ஒருமுறை சுட்டெடுத்த பொம்மையைக் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் கவ்விப் பிடித்து, கிளேஸ் வாளிக்குள் முக்கி, மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பி எடுத்து, உதறிவிட்டுப் பலகையில் வைக்க வேண்டும். கிளேஸ் காய்ந்த பிறகு மறுபடியும் சூளைக்குப் போனால்தான் அந்தப் பளபளப்பு வரும். யானை, வாத்து, தொப்பை வைத்த சீனாக்காரன் என்று நாள் முழுக்க ஒரே திருப்பு. வருடக்கணக்காகத் திருப்பியதில் கட்டைவிரலின் அடித் தசைநார் வீங்கிவிட்டது. கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை வெறும் வயிற்றில் டீயோடு போட்டுப் போட்டு, கடைசியில் வயிறு புண்ணாகி, மலம் கறுப்பாகப் போக ஆரம்பித்தது. டாக்டர் அம்மாவை விட்டுவிட்டு என்னைத்தான் திட்டினார். "நீ மருந்து படிக்கிற பொண்ணுதானே? இனிமே மாத்திரையே கிடையாது. மேலுக்குத் தடவுறது மட்டும்தான். அதையும் சொன்ன அளவுக்குத்தான். ரெண்டு மாசத்துல சரியாகலன்னா இந்த வேலைய விட்டுடச் சொல்லு."

அம்மாவுக்கு வேலையை விடுவது என்றால் மூச்சை விடுவது மாதிரி. எனக்கோ, வெளியில் சொல்ல முடியாத ஒரு சந்தோஷம். மேலுக்குத் தடவுவது! என் துறை! அம்மாவின் கையை நான் குணப்படுத்தப் போகிறேன், நான் மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாடம் எடுத்தேன். "தோலு சல்லடை இல்லம்மா, செவுரு. மேல இருக்கிற செத்துப்போன செல்லு எல்லாம் செங்கல்லு. நடுவுல கொழுப்புதான் சாந்து. மருந்து அந்தச் சாந்து சந்துக்குள்ள நெளிஞ்சு நெளிஞ்சு போவணும். வாயில போட்ட மாத்திரை வயித்துக்குள்ள போயி, ரத்தத்துல கலந்து, உடம்பு முழுக்க சுத்திட்டு கடைசியாத்தான் விரலுக்கு வரும். இது நேரா வலிக்கிற இடத்துக்கே போவுது. ரத்தத்துல கலக்கிறது கொஞ்சம்தான்."

"செவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிறவன் மாதிரி பேசிக்கிட்டே இருக்கிறியே, தடவுவியா மாட்டியா?"

காலையில் தடவினால் சமையல், பாத்திரம், குளியல் என்று எல்லாம் தண்ணீரோடு போய்விடும். அதனால் யூனிட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை தடவச் சொல்லி, டாக்டர் எழுதிக்கொடுத்த ஜெல் ட்யூபைச் சாப்பாட்டுப் பைக்குள் நானே வைத்தேன். தினமும் சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கேட்பேன். "இப்ப எப்படிம்மா?" அம்மா உதட்டைப் பிதுக்குவாள். ஒருநாள் கையிலிருந்து வாத்து நழுவி உடைந்தது என்றாள். இன்னொரு நாள் மேஸ்திரி பொம்மையை வைக்கோல் சுற்றிப் பெட்டிகட்டும் இடத்துக்குப் போகச் சொன்னார் என்றாள். அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது.

இந்த நிலையில்தான் அவள் பிளாஸ்திரியோடு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். பழையதை உரித்துப் புதியது ஒட்ட வேண்டுமாம். அம்மா வாசலிலேயே, "வா கண்ணு, வெயில்ல கறுத்துப் போயிட்டியே" என்றாள். நான் தினமும் அதே வெயிலில்தான் வருகிறேன். என்னிடம் அம்மா கேட்பது, "தண்ணி கேன் புடிச்சியாடி?"

அவள் பிளாஸ்திரியின் ஓரத்தை ஈரத்துணியால் நனைத்து, முடி இருக்கும் திசையிலேயே மெல்ல உரித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஏதோ தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிற மாதிரி.

நான் கதவில் சாய்ந்துகொண்டு, "ரெண்டுலயும் இருக்கிறது ஒரே மருந்துதான். அட்டையப் படிச்சுப் பாத்துட்டேன்" என்றேன்.

"ஆமாம்மா, இவ சொல்றது கரெக்ட்டு. ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அவள், அம்மாவின் கையைத் துடைத்துக்கொண்டே.

"அப்புறம் ஏன் கண்ணு அது கேக்கல, இது கேக்குது?"

"அதுவா? கைராசிம்மா!" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன்.

அதோடு போகாமல் சாப்பிட உட்கார்ந்து, "உங்க கருவாட்டுக் கொழம்பு மாதிரி எங்கம்மாவுக்கு வராதும்மா" என்று இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டாள். எனக்குக் கருவாடு பிடிக்காது. அதையும் அம்மா அன்றைக்குச் சொல்லிக் காட்டினாள்.

கைராசிக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் அளவு கிடையாது. எனக்கு அளவு வேண்டும். திங்கட்கிழமை லேபுக்குப் போய் வெறியோடு உட்கார்ந்தேன். முட்டை ஓட்டை அமிலத்தில் கரைத்துவிட்டால் உள்ளே மெல்லிய சவ்வு கிடைக்கும். எங்களுக்கு அதுதான் தோல். அதைக் கண்ணாடிக் குழாயின் வாயில் கட்டி, மேலே மருந்தை வைத்து, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று அளப்போம். அதே மருந்தை வைத்து நான் செய்த ஜெல் சரசரவென்று இறங்கியது. பக்கத்து மேசையில் அவள் ஊற்றிக் காயவைத்த பிளாஸ்திரித் தாள், நத்தை மாதிரி.

"பாத்தியா? உன்னோடது தூங்குது" என்றேன்.

"தூங்கல, நிதானமா போவுது. மெதுவா விடுறதுதானேடி அதோட வேலை?" என்றாள். பிறகு என் அளவுகளை எட்டிப் பார்த்து, "ஏய், செமயா வந்திருக்குது! மேடத்துகிட்ட காட்டு, போ" என்று என் முதுகைத் தள்ளினாள். என்னால் ஒழுங்காகச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

அவள் கொண்டுவந்த பிளாஸ்திரிகள் தீர்ந்து, அடுத்தது வர நாளாகும் என்றாள். அம்மா மறுபடியும் என் ட்யூபுக்கு வந்தாள். ஒரே வாரத்தில் வலியும் திரும்பி வந்தது. ஈரத்துணியைப் பிழிய முடியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டாள். அப்போதுதான் பொறாமையைத் தாண்டி ஒரு கேள்வி எனக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதே மருந்து, அதே கை, குழாயில் என்னுடையதுதான் வேகம். பிறகு எங்கேதான் போகிறது?

கல்லூரி இல்லாத ஒரு நாள், அம்மா மறந்துவிட்டுப் போன மோர் பாட்டிலை எடுத்துக்கொண்டு யூனிட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே எல்லாமே வெள்ளை. தரை, ஜன்னல், ஃபேன் இறக்கை, மேஸ்திரியின் மீசை, எல்லாவற்றிலும் பொம்மை செய்யும் வெள்ளை மண் தூள். அம்மா கைகழுவித் துடைத்துக்கொண்டு வாளிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் நிற்பது தெரியாது. பையிலிருந்து ட்யூபை எடுத்தாள், அளவாகப் பிதுக்கினாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே வட்டமாகத் தேய்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து, பக்கத்தில் இருந்த தகரடப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை வெள்ளை மண் தூளை எடுத்து, முகத்துக்குப் பவுடர் போடுவது மாதிரி ஜெல் தடவிய இடத்தில் தூவி, அழுத்தித் தேய்த்து, துணியால் துடைத்தாள். அழிரப்பர் துகள் மாதிரி வெள்ளை வெள்ளையாக உருண்டு மடியில் விழுந்தது. என் மருந்து!

"அம்மா!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தூக்கிவாரிப்போட்டு ஒரு யானையை வாளிக்குள் விட்டுவிட்டார்.

"ஏண்டி கத்துற? என்னா ஆச்சு?"

"மண்ண ஏம்மா போட்ட?"

"பின்ன? வழவழன்னு கைய வச்சுக்கிட்டு பொம்மைய தொட்டா கிளேஸு புடிக்குமா?"

அது எனக்குத் தெரியாததில்லை. இந்த ஊரில் யூனிட்டுக்குப் போகும் வீடுகளில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை சுட்ட பொம்மையில் எண்ணெய்க் கை பட்டால் அந்த இடத்தில் கிளேஸ் நிற்காது, வெந்து வரும்போது மொட்டையாக இருக்கும். சின்ன வயதில் தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் என்னை யூனிட் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அந்த ட்யூபில் எண்ணெய்ப்பசை உண்டு என்பதும் எனக்குத் தெரியும், அட்டையில் போட்டிருக்கிறது. இரண்டையும் நான் ஒன்றாக வைத்து யோசிக்கவேயில்லை. ஒன்று வீட்டு விஷயம், இன்னொன்று படிப்பு.

மேஸ்திரி மீசையைத் தட்டிக்கொண்டு வந்தார். "மொத வாரம் பாக்கணும் பாப்பா, ஒரு பலகை யானை மொத்தமும் சொட்டை! யாரு பண்ணதுன்னு கேட்டா உங்கம்மா கைய மோந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. மருந்துக்கடை வாசன அடிக்குது."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா? செவுரு, செங்கல்லு, சாந்துன்னு மொதல்லேர்ந்து ஆரம்பிப்ப. எனக்கு அடுப்புல வேல இருக்குது."

அந்த அக்கா வாளிக்குள் கையை விட்டு யானையைத் தேடிக்கொண்டே சிரித்தார்.

அந்த வெள்ளை மண் எதையும் உறிஞ்சிவிடும். ஒரு காலத்தில் வயிற்றுப்போக்குக்கே அதை மருந்தாகக் கொடுத்தார்கள் என்று முதல் வருடம் படித்துப் பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். சுவருக்குள் நெளிந்து போக வேண்டிய மருந்தை அது வெளியிலேயே குடித்துவிட்டிருக்கிறது. பிளாஸ்திரிக்கு மேலே துணி, மருந்து அடியில். மண் அதைத் தொட முடியாது. அவ்வளவுதான்! கைராசியும் இல்லை, ஒன்றும் இல்லை!

யூனிட் வாசலில் நின்றே அவளுக்குப் போன் போட்டேன்.

"உன் பிளாஸ்திரி ஒண்ணும் ஜெயிக்கலடி! என் ஜெல்ல மண்ணு குடிச்சிருக்குது!"

முழுவதையும் மூச்சு விடாமல் சொன்னேன். அடிபட்டுப்போவாள் என்று நினைத்தேன்.

"அய்யோ, சூப்பர்டி!" என்று கத்தினாள். "எப்படிடி கண்டுபுடிச்ச? மண்ணுல வேல பாக்குறவங்களுக்கு எப்ப தடவணும்னு யாராவது யோசிச்சிருப்பாங்களா? நீ இத எழுதுடி. மேடம் ஆடிடுவாங்க."

போனை வைத்துவிட்டு வெயிலில் நின்றேன். தோற்றவளே இப்படிக் கைதட்டினால், ஜெயித்தவளுக்கு என்னதான் மிச்சம்?

சாயங்காலம் வேலை முடிந்து சோப்பு போட்டுக் கழுவியபின் தடவினால் போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. மறுநாளே புதுப் பிளாஸ்திரி வந்துவிட்டிருந்தது. "இதுதான் நல்லா இருக்குதே. ஒட்டுனா ஒட்டுனதுதான், நெனப்பே இருக்காது. அந்தப் பொண்ணும் ஆசையா ஒட்டி விடுது." கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ட்யூபின் மூடியைத் திருகித் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

இந்தத் தடவை வந்ததில் இரண்டாவது பிளாஸ்திரியை உரித்தபோது அடியில் தோல் சிவந்திருந்தது. மூன்றாவதை உரித்தபோது, ஒட்டியிருந்த அளவுக்கே நான்கு மூலையோடு ஒரு சிவப்புச் சதுரம், சின்னச் சின்னப் பொரிப்பொரியாக. அம்மா சொறிந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு துள்ளல் வந்தது. வந்தது உண்மை. அது அம்மாவின் கை என்பது அதற்கு அடுத்துத்தான் உறைத்தது.

ஒட்டிவிட்டவள் அழுதேவிட்டாள். "பசை ஒத்துக்கலம்மா. நான் மொத நாளே பாத்திருக்கணும். என்னாலதான்."

"அட, நீ என்னா பண்ணுவ கண்ணு? என் தோலு அப்படி. அழுவாத. டேய் பாரு, இங்க பாரு. ஒண்ணுமில்ல." அம்மா அரிக்கிற கையாலேயே அவள் கண்ணைத் துடைத்தாள். டீ போடச் சொல்லி என்னை அடுக்களைக்கு அனுப்பினாள். அவளுக்குச் சர்க்கரை தூக்கலாக. நான் போட்டேன்.

டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். சிவப்பு அடங்கும்வரை எதுவும் கிடையாது. அந்த நாட்கள் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தன. மேஸ்திரி பெட்டிகட்டும் இடத்துக்கு நிஜமாகவே அனுப்பிவிட்டார். தோல் பழையபடி ஆனதும் டாக்டர், "அந்த ஜெல்லையே ஒழுங்கா தடவிப் பாருங்க" என்றார். ஒழுங்காக என்ற சொல்லுக்கு நான் டாக்டரின் காலில் விழுந்திருப்பேன்.

அம்மா வந்து, குளித்து, கை நன்றாக உலர்ந்தபின் நான் தடவுவேன். அம்மாவைத் தானே தடவிக்கொள்ள விடவில்லை. தகரடப்பா இருக்கும் ஊரிலேயே அவளை நம்பத் தயாராக இல்லை. கட்டைவிரலின் அடியில் தொடங்கி மணிக்கட்டு எலும்பைச் சுற்றி வட்டமாக. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் அம்மா கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் தானே திருகினாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கனத்த போர்வையை இரண்டு கையாலும் முறுக்கி, கடைசிச் சொட்டுவரை பிழிந்து, உதறிக் கொடியில் போட்டாள். அந்த வாரம் கிளேஸ் வாளிக்கே திரும்பினாள்.

நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டேன். "இப்ப சொல்லு. யாரு மருந்து கேட்டுச்சு?"

அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அதுதான் இன்னும் எரிச்சல். "மொதல்ல அது கொஞ்சம் தணிச்சு விட்டுச்சு இல்ல, அதான் இது இப்ப புடிச்சிக்கிட்டிச்சு. ரெண்டும் சேந்துதான்டி."

"அதெல்லாம் கெடையாதும்மா. அந்த மருந்து நிறுத்துன ரெண்டு நாள்ல ஒடம்பவிட்டுப் போயிடும். இது முழுக்க முழுக்க..."

"செவுரா?"

ட்யூபை எடுத்து மூடியைத் திருகினேன்.

மண் விஷயத்தை எழுதினேன். மேடம் பாராட்டினார். அதைப் படித்துவிட்டு அவள் தன் பிளாஸ்திரிக்கு உறுத்தாத பசையைத் தேட ஆரம்பித்தாள். அம்மாவின் கையில் வந்த சிவப்புதான் தனக்கு வழிகாட்டி என்று மேடத்திடம் சொன்னாளாம். அம்மாவின் கையும் அவளுடையதாகிவிட்டது.

வலி போய்விட்டது, இனி தடவ வேண்டாம் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சாயங்காலம் ஆனால் அம்மா கையை என் மடியில் வைத்துவிடுவாள். "சும்மா தேங்கா எண்ணெயாவது தேய்டி, பழகிப்போச்சு." பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு ஆள் போய்விடலாம். தேய்ப்பதற்கு ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும், அது நான்தான். நேற்றும் உட்கார்ந்திருந்தேன். வலது கை என்னிடம் இருந்தது. இடது கையில் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்டியா கண்ணு? ... ஏன் இன்னும் சாப்புடல? ... ஞாயித்துக்கெழம வா, கருவாடு வாங்கி வைக்கிறேன் ... இவளா? இங்கதான் இருக்கா."

நான் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது.

"ஏய், மெதுவா தேய்டி" என்றாள் அம்மா என்னைப் பார்த்து. பிறகு போனில், "உன்ன இல்ல கண்ணு, நீ சொல்லு."